ஐநூறு மீட்டருக்குள் ஒரு சேரி

ஆனைக்குட்டம் அணையின் ஷட்டர் ஒழுகுகிறது என்று வருசா வருசம் பத்திரிகையில் செய்தி வரும். விருதுநகருக்குக் குடிதண்ணீர் கொடுக்கிற அணை, அர்ச்சுனா நதித் தண்ணீர் வீணாகப் போகிறதே என்று நகரத்துக்காரர்கள் கவலைப்படுவார்கள். நியாயமான கவலைதான். அந்த அணைக்குப் பக்கத்தில் கிடக்கிற எங்கள் காலனிக்கு மழைக்காலத்தில் போக வர வழியில்லாமல் கிடந்தது மட்டும் ஒருநாளும் செய்தியானதில்லை. ஊர் மந்தையிலிருந்து எங்கள் தெருமுனைக்கு 380 எட்டு. ஆறாவது படிக்கிற காலத்தில் எண்ணிப் பார்த்தது. மீட்டரில் சொன்னால் முன்னூறுகூட வராது. ஆனால் அது கரிசல். காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும், நனைந்தால் காலைப் பிடித்துக்கொண்டு விடாது. செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு மந்தைக்கு வந்து, அடிகுழாயில் காலைக் கழுவிவிட்டுத்தான் பஸ் ஏற வேண்டும். அந்த அடிகுழாயில் கழுவுவதற்கும் நேரம் பார்க்க வேண்டியிருந்தது, அது வேறு கதை.

2009 ஐப்பசி அடைமழையில் என் பெரியம்மா மகள் மதுரை பெரியாஸ்பத்திரியில் இருந்து வீடு திரும்பினாள். பயர் ஆபீசில் மருந்து தீப்பிடித்து இரண்டு காலும் வெந்து, இரண்டு மாதம் படுக்கையில் கிடந்தவள். வந்த வண்டி மந்தையோடு நின்றுவிட்டது. “இதுக்கு மேல வராதுப்பா, டயர் மாட்டிக்கிரும்” என்றார் டிரைவர். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. டீக்கடையில் நாற்காலி கேட்டோம், இல்லை என்றார்கள். அங்கே நாலு நாற்காலி கிடந்தது. கடைசியில் வீட்டிலிருந்து ஒரு மர நாற்காலியைக் கொண்டுவந்து அக்காவை உட்கார வைத்து நாலு பேர் தூக்கினோம். பாதி வழியில் என் கால் வழுக்கியது. “என்னய இறக்கி விடுங்கடா, சாமியத் தூக்குற மாதிரி தூக்குறீங்க” என்று அக்கா சிரித்தாள். வலியோடு சிரிக்கிறாள் என்று எல்லாருக்கும் தெரிந்தது. யாரும் திரும்பச் சிரிக்கவில்லை.

அப்போது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம் என்று ஒன்று 2000 டிசம்பர் 25 முதல் நாடு முழுக்க நடக்கிறது என்பது தெரியும். அப்படியானால் எங்களுக்கு ஏன் ரோடு இல்லை? எழுதிப் போட்ட மனுவுக்கு ஓர் அலுவலகத்திலிருந்து இரண்டு வரியில் பதில் வந்தது: ‘மேற்படி குடியிருப்பு ஏற்கெனவே இணைக்கப்பட்டுள்ளது.’ எங்கே, யாரால் இணைக்கப்பட்டது என்று குழம்பிப்போனோம். வங்கி வேலையில் சேர்ந்த பிறகுதான், விதிகளை வரி வரியாகப் படிக்கிற பழக்கம் வந்தபோது, அந்தத் திட்டத்தின் வழிகாட்டு நெறிகளைத் தேடிப் படித்தேன்.

தோழர்கள் அதைக் கட்டாயம் படிக்க வேண்டும். ஆரம்பம் நன்றாகவே இருக்கிறது. திட்டத்தின் அலகு வருவாய்க் கிராமமோ ஊராட்சியோ கிடையாது, குடியிருப்புதான் என்கிறது. ஆகா, ஊரைத் தனியாகவும் சேரியைத் தனியாகவும் எண்ணப் போகிறார்கள் என்று நினைத்தேன். அடுத்தாற்போல் ‘இணைக்கப்படாத குடியிருப்பு’ எது என்று சொல்லுகிறார்கள். எல்லாப் பருவத்திலும் போகக்கூடிய சாலையிலிருந்தோ, ஏற்கெனவே சாலை பெற்ற குடியிருப்பிலிருந்தோ குறைந்தது 500 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். சமவெளியில் மக்கள்தொகை 500க்கு மேல் இருக்க வேண்டும். அந்தத் தொகை வராவிட்டால் 500 மீட்டர் வட்டத்துக்குள் இருக்கிற குடியிருப்புகளை ஒன்றாகக் கூட்டிக்கொள்ளலாம்.

இந்த மூன்றையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். ஊரில் 350 பேர், சேரியில் 200 பேர் என்று வைத்துக்கொள்வோம். தனியாக எண்ணினால் ஊருக்கு ரோடு கிடையாது. சேரியைக் கூட்டிக்கொண்டால் 550, ரோடு உண்டு. ரோடு எங்கே வரும்? ஊருக்கு வரும். வந்த பிறகு சேரி, சாலை பெற்ற குடியிருப்பிலிருந்து 500 மீட்டருக்குள் கிடக்கிறது. ஆகவே இணைக்கப்பட்டாயிற்று. தலை எண்ணுவதற்கு நாம் வேண்டும், தார் ஊற்றுவதற்கு வேண்டாம்.

டெல்லியில் உட்கார்ந்து இந்த விதியை எழுதியவர்கள் தலித்துகளுக்கு எதிராகச் சதி செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பஞ்சாயத்துக்கு மூன்று நான்கு ரோடு போட்டுப் பணத்தைக் கரைத்துவிடக் கூடாது, முதலில் தூரத்தில் கிடக்கிற கிராமத்தை எட்ட வேண்டும் என்று நினைத்திருப்பார்கள். பொறியாளர்களுக்கு அது சரியான கணக்கு. ஆனால் இந்திய கிராமத்தில் ஊருக்கும் சேரிக்கும் உள்ள தூரத்தைத் தீர்மானித்தது யார்? சாதிதான். கூப்பிட்டால் வேலைக்கு ஓடி வருகிற தூரம், அதே நேரத்தில் காற்றும் நிழலும் படாத தூரம். அந்தத் தூரம் எந்தக் காலத்திலும் 500 மீட்டரைத் தாண்டாது. தாண்டினால் பண்ணைக்கு ஆள் கிடைக்காது. சாதி வகுத்த எல்லையும் திட்டம் வகுத்த எல்லையும் இப்படிப் பொருந்திப் போனதற்கு யாருடைய கெட்ட எண்ணமும் தேவைப்படவில்லை. சாதியைப் பார்க்காமல் வரைபடம் போட்டாலே போதும்.

தமிழ்நாட்டில் இதைக் கொஞ்சம் உணர்ந்தவர்களும் இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2006இல் வந்த அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் ஊராட்சிக்கு 20 லட்சம் என்று கொடுத்தது. ஒரே குக்கிராமம் உள்ள ஊராட்சிக்கும் 20 லட்சம், பதினைந்து உள்ளதற்கும் 20 லட்சம். 2011இல் வந்த ‘தாய்’ திட்டம் குக்கிராமத்தையே அலகாக எடுத்தது. முன்னேற்றம்தான். ஆனாலும் எந்தக் குக்கிராமத்தில் எந்தத் தெரு முதலில் என்று பட்டியல் போடுகிற இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற கேள்வி அப்படியே நின்றது.

இனி பணத்துக்கு வருவோம். நான் வங்கிக்காரன், பணம் எந்த வழியாக வருகிறது என்று பார்க்காமல் இருக்க முடியாது. கிராமச் சாலைக்கு முதலில் டீசல் மீதான வரியிலிருந்து பணம் வந்தது. பிறகு உலக வங்கியும் ஆசிய வளர்ச்சி வங்கியும் கடன் கொடுத்தன. உலக வங்கி 2010இல் கொடுக்க ஒப்புக்கொண்டது மட்டும் 150 கோடி டாலர். அது பெரும்பாலும் வட மாநிலங்களுக்குப் போனது. தமிழ்நாட்டுக்கு உலக வங்கியின் சாலைக் கடன் 2003இல் வந்தது, நெடுஞ்சாலைக்கு. நம் பக்கத்துக் கிராமச் சாலைகளுக்கும் பாலங்களுக்கும் கணிசமாகப் பணம் வந்தது உள்நாட்டிலேயே இருக்கிற இன்னொரு ஊற்றிலிருந்து. நபார்டு வங்கியின் ஊரக உள்கட்டமைப்பு வளர்ச்சி நிதி. 1995–96இல் 2,000 கோடியோடு ஆரம்பித்தது. முதலில் பாசனத்துக்கு, அப்புறம் சாலைக்கும் பாலத்துக்கும்.

இந்த நிதி எங்கிருந்து வருகிறது என்று எங்கள் கிளையிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. வங்கிகள் தாங்கள் தருகிற கடனில் 40 சதவீதத்தை முன்னுரிமைத் துறைக்குத் தர வேண்டும். அதில் 18 சதவீதம் விவசாயத்துக்கு. நலிந்த பிரிவினருக்கு என்று 10 சதவீதம் இருந்தது, இப்போது 12. இந்த இலக்கை எட்டாத வங்கி, எவ்வளவு குறைகிறதோ அதற்கேற்ற தொகையை நபார்டிடம் போட வேண்டும். அதை நபார்டு மாநில அரசுக்குக் கடனாகக் கொடுக்கும், மாநில அரசு ரோடு போடும். அதாவது ஏழை விவசாயிக்குக் கொடுக்காமல் விட்ட கடன்தான் சுற்றி வளைத்து ரோடாக வருகிறது. ரோடு போட்ட பலகையில் இந்த விவரம் இருக்காது.

இதில் எனக்கு ஒரு சொந்தக் கணக்கும் உண்டு. 2003இல் எங்கம்மா இரண்டு மாடு வாங்கக் கடன் கேட்டு ஒரு வங்கிக்கு ஏழு தடவை நடந்தாள். ஜாமீன் கொண்டா, பட்டா கொண்டா, அடுத்த வாரம் வா. பட்டா இருந்தால் எதற்கு இரண்டு மாட்டுக்குக் கடன் கேட்கப் போகிறாள்? எட்டாவது தடவை போகவில்லை. கொடுக்காத அந்தப் பன்னிரண்டாயிரமும் எங்கோ ஒரு ரோட்டில் ஜல்லியாகக் கிடக்கும் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். அந்த ரோட்டில் போகும் வண்டியில்தான் அம்மா பயர் ஆபீசுக்குப் போனாள்.

சிறப்பு உட்கூறுத் திட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மக்கள்தொகையில் நம் பங்குக்குச் சமமான பணத்தை நமக்கென்றே ஒதுக்க வேண்டும் என்று 1979இல் வந்தது. தமிழ்நாட்டில் நாம் 2011 கணக்குப்படி நூற்றுக்கு 20 பேர். ஆனால் நடைமுறையில், ஒரு பெரிய ரோடு போட்டால் அதில் தலித்துகளும்தானே நடக்கிறார்கள் என்று ஒரு பங்கை நம் கணக்கில் எழுதிவிடுவது இந்தியா முழுக்க நடந்த தந்திரம். கர்நாடகத்தில் 2013இல் கொண்டுவந்த சட்டத்திலேயே 7(டி) என்று இதற்கு ஒரு பிரிவு வைத்திருந்தார்கள். போராடிப் போராடி 2023இல்தான் அதை நீக்க முடிந்தது. தமிழ்நாட்டில் 2024இல் ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டம் வந்திருக்கிறது. சட்டம் வந்ததற்கு மகிழ்ச்சி. மாணவத் தோழர்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது: உங்கள் ஒன்றியத்தில் நம் கணக்கில் எழுதப்பட்ட ஒவ்வொரு ரோட்டையும் தகவல் உரிமையில் கேட்டு வாங்கி, சைக்கிளில் போய் அது எந்தத் தெருவில் முடிகிறது என்று பாருங்கள். சேரியில் முடியாத ரோடு நம் கணக்கில் இருந்தால் அது திருட்டு.

ரோடு என்பதே நம் போராட்ட வரலாற்றில் பெரிய சொல். 1893இல் அய்யன்காளி வில்லுவண்டி ஏறிப் பொதுச்சாலையில் ஓட்டிப் போனார். 1924இல் வைக்கத்தில் நடந்தது கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நடக்கிற உரிமைக்கான போராட்டம். அதே ஆண்டு சென்னை சட்டமன்றத்தில் ரெட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்து, பொதுச்சாலை, தெரு, கிணறு எதிலும் யாரையும் தடுக்கக் கூடாது என்று அரசாணை வாங்கினார். நூறு வருசம் தாண்டிவிட்டது. உத்தப்புரத்தில் 1989இல் எழுப்பிய சுவரில் 15 அடி இடித்து வழிவிட 2008 மே மாதம் வரை ஆனது.

நம் மாவட்டத்துக் கதை இன்னும் அருமை. 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு போக்குவரத்துக் கழகம் அமைத்து, அதற்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தது அரசு. தலித் பெயர் எழுதின பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று கிளம்பினார்கள். பஸ்ஸை உடைத்தார்கள், குடிசைகள் எரிந்தன, உயிர்கள் போயின. அந்த ஜூலையில் அரசு ஒரு முடிவுக்கு வந்தது. எல்லாப் போக்குவரத்துக் கழகங்களுக்கும் எல்லா மாவட்டங்களுக்கும் தலைவர்கள் பெயரையே எடுத்துவிட்டார்கள். காமராசர் மாவட்டம் விருதுநகர் மாவட்டம் ஆனது அப்போதுதான். எனக்கு எட்டு வயது. பஸ் ஓடாத நாட்களில் எங்கப்பா திருத்தங்கலுக்கு நடந்து போய்க் கூலி வாங்கி வருவார். பஸ்ஸில் பெயர் எழுதினால் ஏறாதவர்கள், எங்கள் பெண்கள் சுற்றிய வெடியை மட்டும் தீபாவளிக்கு வெடித்துக்கொண்டார்கள்.

இங்கே நம் தோழர்கள் சிலரோடு எனக்கு வாக்குவாதம் உண்டு. கிராமச் சாலை எல்லாம் உலக வங்கியின் சூழ்ச்சி, மூலதனம் கிராமத்துக்குள் நுழைவதற்குப் போட்ட பாதை, அதை எதிர்க்க வேண்டும் என்கிறார்கள். போன மாதம் ஒரு கூட்டத்திலும் ஒரு தோழர் அப்படிப் பேசினார், மதுரையிலிருந்து கார் எடுத்து வந்திருந்தார். மூலதனம் நுழைகிறது என்பது உண்மை. எங்கள் காலனிக்கு 2014இல் ரோடு வந்தபோது அந்த வாரமே உள்ளே வந்த முதல் வண்டி பயர் ஆபீஸ் வேன். அதுவரை எங்கள் பெண்கள் தூக்குவாளியோடு இருட்டில் மந்தைக்குப் போய் நிற்பார்கள். மந்தையில் நிற்கும்போது காதில் விழுகிற பேச்சை எழுத இந்த இதழில் இடம் போதாது. இப்போது வேன் வீட்டு வாசலுக்கு வருகிறது. எண்பதுகளில் விடிவதற்கு முன்னே பிள்ளைகளை அள்ளிப் போட்டுக்கொண்டு போன தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸும் ரோடு இருந்த இடம் வரைக்கும்தான் வந்தது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் வந்து, அதற்கப்புறம்தான் அந்த பஸ் மெல்ல மெல்ல நின்றது. ரோடு தானாக யாரையும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகாது.

ஆனால் அந்த வேன் இன்னொன்றையும் செய்தது. அதற்கு முன் எங்கள் தெரு முழுக்க நாலு சம்சாரி வீட்டுக் காட்டு வேலையை நம்பித்தான் இருந்தது. களையெடுப்புக்குக் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியாது. கூலியை அவர்கள் சொல்வார்கள். இப்போது “சனிக்கிழம சம்பளம் வருது, காட்டுக்கு வரல” என்று என் சித்தி அவர்கள் முகத்துக்கு நேரே சொல்கிறாள். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல எங்கள் தாத்தா தலைமுறைக்கு முடியவில்லை. ரோடு வேண்டாம் என்று சொல்லுகிற வசதி நமக்குக் கிடையாது, தோழர்.

அதே சித்தி பயர் ஆபீசில் வாங்கிய முன்பணத்தைக் கழிக்க முடியாமல் வேறு ஆபீசுக்கும் மாற முடியாமல் இருக்கிறாள் என்பதும் சேர்ந்த கதைதான். முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5ஆம் தேதி ஏறக்குறைய 40 பேர் செத்தார்கள், வேடிக்கை பார்க்கவும் காப்பாற்றவும் ஓடியவர்கள் உட்பட. 2018இல் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியத்துக்கும் தடை போட்ட பிறகு வேலை குறைந்த மாதங்களும் வந்தன. வேன் வராத காலையில் அந்த நல்ல ரோட்டில் இரண்டு சக்கர வண்டியில் வேறொருவர் வருவார், குழுக்கடன் வசூலுக்கு. மழையிலும் வருவார், இப்போதுதான் ரோடு இருக்கிறதே. 1992இல் நபார்டு சுய உதவிக் குழுக்களை வங்கியோடு இணைத்த திட்டத்தை நான் மதிக்கிறேன், அதன் பேரேடுகளைத் தினமும் பார்க்கிறேன். ஆனால் எங்கள் தெருவில் வங்கியைவிட வேகமாக வந்து சேர்ந்தது தனியார் வட்டி. நிலமும் இல்லை, மாட்டுக்குக் கடனும் இல்லை என்றால், ரோட்டில் ஏற்றி அனுப்ப எங்களிடம் எங்கள் உடம்பைத் தவிர என்ன இருக்கிறது? ரோட்டோடு பஞ்சமி நிலத்தையும் கேட்க வேண்டும், வங்கி இலக்கையும் கேட்க வேண்டும். ‘வாழ்வாதாரம்’ என்ற சொல்லைத் திட்ட அறிக்கையில் எழுதுகிறவர்கள் கோழிக்குஞ்சு கொடுப்பதோடு நிறுத்திக்கொள்வதை ஏற்கக் கூடாது.

2024 செப்டம்பரில் கிராமச் சாலைத் திட்டத்தின் நான்காம் கட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 25,000 குடியிருப்புகள், 62,500 கிலோமீட்டர், 70,125 கோடி ரூபாய். இந்த முறையும் பட்டியல் போடும்போது நாம் சும்மா இருந்தால் ‘ஏற்கெனவே இணைக்கப்பட்டுள்ளது’ என்று பதில் வரும். நான் கேட்பது ஒன்றுதான்: அளவு நாடாவைச் சேரியின் கடைசி வீட்டு வாசலில் வைத்து அளக்க ஆரம்பியுங்கள். அங்கிருந்து ஆரம்பித்தால் ரோடு தானாக ஊரைத் தொடும். ஊரிலிருந்து ஆரம்பித்தால் நடுவழியில் நிதி தீர்ந்து போகும்.

கடைசி வீடு என்று எழுதும்போது கை நிற்கிறது. சொல்லித்தான் ஆக வேண்டும். 2014இல் வந்த ரோடு எங்கள் தேவேந்திரர் தெருவின் முனையில் நின்றது. அதைத் தாண்டி ஒரு சின்ன ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் அருந்ததியர் வீடு இருபத்திரண்டு. 140 மீட்டர் இருக்கும். நிதி அவ்வளவுதான் என்றார்கள். நாங்கள் ஒருத்தரும் கேட்கவில்லை. ரோடு திறந்த அன்றைக்குப் பொங்கல் வைத்தோம், அந்த வீடுகளுக்குச் சொல்லிவிடக்கூட இல்லை. ஊர்க்காரர்கள் எங்களுக்குச் செய்ததை நாங்கள் எங்களுக்குப் பின்னால் இருந்தவர்களுக்குச் செய்தோம். ஓடையில் தண்ணீர் வந்தால் அந்தப் பிள்ளைகள் இன்றைக்கும் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டுதான் எங்கள் ரோட்டில் ஏறுகிறார்கள். எங்கள் தெருக் குழாயில் கால் கழுவ அவர்கள் நேரம் பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போயிருக்கிறேன், பலநாள்.

இந்த அக்டோபர் 2 கிராம சபையில் அந்த 140 மீட்டருக்கும் ஓடைக்கு ஒரு குழாய்ப் பாலத்துக்கும் தீர்மானம் கேட்கிறோம். மனுவை அந்தத் தெருத் தம்பிகள்தான் எழுதினார்கள், நான் எஸ்டிமேட் கணக்கை மட்டும் சரிபார்த்தேன். எங்கள் தெருவில் கையெழுத்துக் கேட்டுப் போனபோது என் பெரியப்பா, “அவுகளுக்கு ரோடு போட்டா நம்ம தெரு வழியாத்தானய்யா வண்டி போகும்” என்றார். “ஆமா பெரியப்பா, நம்ம வண்டி மந்தை வழியாத்தான போகுது” என்றேன். பதில் சொல்லவில்லை. கையெழுத்தும் போடவில்லை. நாற்காலியில் தூக்கி வந்த அக்கா முதல் கையெழுத்துப் போட்டாள். இதுவரை பதினோரு வீடு. மீதி வீடுகளுக்கு ஞாயிற்றுக்கிழமை போகிறோம், பெரியப்பா வீட்டுக்கும்.